தொழிற்கல்விக்கென ஒதுக்கப்படும் பணம் எங்கே நின்றுவிடுகிறது?

(ஜமாஅத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தை ஒட்டி நடைபெற்ற கல்வி அமர்வில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்துவடிவம்)



கல்வி அமர்வு என்றால் பல்கலைக்கழகம் புகுந்த பிள்ளைகளை மேடைக்கு அழைத்துப் பாராட்டுவது நமது வழக்கம். அவ்வழக்கத்தில் குறையொன்றும் இல்லை. ஆயினும் மேடைக்கு அழைக்கப்படாத பிள்ளைகளின் தொகை எவ்வளவு பெரிது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. 2022ஆம் ஆண்டுக்கான க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு 2 இலட்சத்து 63 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தோற்றினர். அவர்களுள் 1 இலட்சத்து 66 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதியைப் பெற்றனர். அரச பல்கலைக்கழகங்களில் ஆண்டொன்றுக்கு இடம் கிடைப்பதோ நாற்பதாயிரத்தைச் சற்றுத் தாண்டிய தொகையினருக்கே. ஆகவே, தகுதி பெற்ற நால்வரில் ஒருவர் உள்ளே போகிறார். மூவர் வாசலிலே நிற்கிறார்கள். தகுதி பெறாதவர்களையும், சாதாரண தரத்தோடு நின்றுவிட்டவர்களையும் இக்கணக்கில் நாம் இன்னும் சேர்க்கவேயில்லை.

இவ்வளவு பேருக்கும் அரசாங்கம் காட்டுகின்ற மறு வழி தொழிற்கல்வியாகும். அவ்வழிக்கு அரசாங்கம் செலவிடும் பணம் போதுமா, அந்தப் பணம் எங்கே போய்ச் சேருகிறது என்பவற்றைப் பற்றியே இன்று நாம் பேச விழைகின்றோம். கணக்கு வழக்கு என்றதும் சிலருக்கு உறக்கம் வரக்கூடும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இந்தக் கணக்கு நமது வீட்டுப் பிள்ளைகளின் கணக்கு.

முதலில் ஒரு பழைய செய்தி. 1892ஆம் ஆண்டிலே, சித்தி லெப்பை அவர்களும் அவர்களோடு ஒத்த பெருமக்களும் மருதானையில் ஒரு பாடசாலையைத் தொடக்கினார்கள். அதுவே இன்றைய ஸாஹிராக் கல்லூரி. அடுத்த ஆண்டு, 1893இல், அதே மருதானையிலே அரசாங்கத் தொழில்நுட்பப் பாடசாலை தொடங்கப்பட்டது. ஓராண்டு இடைவெளியில், ஒரே அயலில் பிறந்த இவ்விரண்டுள் முதலாவதைப் பற்றி நமது சமூகத்தில் அறியாதவர் இல்லை. இரண்டாவதின் வாசலில் எத்தனை பேர் காலடி வைத்திருக்கிறோம் என்று கேட்டால் விடை சொல்லத் தயங்குவோம். நாட்டின் ஏனைய சமூகங்களும் இவ்விடயத்தில் பெரிதும் வேறுபட்டவை அல்ல. கலாநிதி கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943இல் வெளியிட்ட அறிக்கை, ஆரம்பக் கல்விக்குப் பின் மூவகைப் பாடசாலைகளை முன்மொழிந்தது. அவற்றுள் ஒன்று செய்முறைப் பாடசாலை. 1945இல் இலவசக் கல்வி நிறைவேறியது. செய்முறைப் பாடசாலையோ ஏட்டோடு நின்றுவிட்டது. தம் பிள்ளையைக் கைத்தொழிலுக்கு ஒதுக்கிவிட்டு, வசதி படைத்தவன் பிள்ளையை உத்தியோகத்துக்கு அனுப்பும் ஏற்பாடு இது என்று ஏழைப் பெற்றோர் ஐயுற்றிருந்தால், அந்த ஐயத்தை முற்றிலும் பிழை என்று நாம் சொல்லமாட்டோம்.

1971இல் கிளர்ச்சி வெடித்தது. படித்துவிட்டு வேலையின்றி இருந்த இளைஞர்களே அதன் முன்னணியில் நின்றார்கள். அதே ஆண்டில் டட்லி சியர்ஸ் தலைமையில் இங்கு வந்த சர்வதேசத் தொழில் தாபனத்தின் குழுவினர், கல்வி வளர்த்துவிட்ட எதிர்பார்ப்புக்கும் நாட்டிலே உள்ள வேலைக்கும் இடையிலான பொருத்தமின்மையைச் சுட்டிக்காட்டினார்கள். தேசியப் பயிலுநர் சபை அவ்வாண்டின் சட்டத்தால் அமைந்தது. அடுத்த ஆண்டு பாடசாலைகளில் தொழில்முன் பாடங்கள் புகுத்தப்பட்டன; ஆட்சி மாறியதும் அவை கைவிடப்பட்டன. 1980களின் இறுதியில் இரண்டாவது கிளர்ச்சி வந்து போனபின், 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு அதன்வழி உருவாயிற்று. பழைய பயிலுநர் சபை, இன்று நாம் நைட்டா என்று அழைக்கும் அதிகாரசபையாக மாறியது. 1995இல் தொழிற்பயிற்சி அதிகாரசபையும், உயர் தொழில்நுட்பவியல் கல்வி நிறுவகமும் தோன்றின. 2008ஆம் ஆண்டின் சட்டத்தால் இரத்மலானையில் யுனிவொடெக் எனப்படும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அமைந்தது.

இரத்தம் சிந்திய பிறகே இந்நாட்டில் தொழிற்கல்விக்குப் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை இவ்வரிசை காட்டுகின்றது. அவசரத்தில் ஒதுக்கப்படும் பணம் புதிய நிறுவனமாக உருவெடுக்கும், பெயர்ப்பலகை எழும், தலைவர் நியமிக்கப்படுவார். ஏற்கெனவே இருக்கின்ற பட்டறைக்கு இரும்பு வாங்கிக் கொடுப்பது அவசர காலத்தில் எவருக்கும் நினைவுக்கு வருவதில்லை. இவ்வாறே திணைக்களம் ஒருபுறம், அதிகாரசபைகள் மறுபுறம், இளைஞர் சேவைகள் மன்றம் இன்னொருபுறம் என்று பல கரங்கள் ஒரே பிள்ளையை நோக்கி நீள்கின்றன. ஒரே பிரதேசத்தில் இரண்டு மூன்று நிலையங்கள் ஒரே கணினிப் பாடநெறியை நடத்துவதும், குளிரூட்டல் இயந்திரம் திருத்தக் கற்றுக்கொடுக்க ஒரு நிலையமும் இல்லாதிருப்பதும் இதன் விளைவு. கணினிப் பாடநெறிக்கு ஓர் அறையும் பத்து மேசைகளும் போதும் என்பது இங்கே கவனிக்கத் தக்கது.

இனிச் செலவுக்கு வருவோம். இலங்கை அரசு கல்வி முழுவதற்கும் செலவிடுவது, நீண்ட காலமாகவே மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதத்தை ஒட்டிய அளவிலேயே நின்று வருகிறது. 4 முதல் 6 சதவீதம் வரை செலவிடுமாறு 2015ஆம் ஆண்டின் இஞ்சியோன் பிரகடனம் உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே, 2012இல், பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் 6 சதவீதம் வேண்டும் என்ற முழக்கத்தோடு ஏறத்தாழ நூறு நாட்கள் வேலைநிறுத்தம் செய்ததைப் பலரும் நினைவில் வைத்திருப்பீர்கள். அந்த 2 சதவீதத்திலும் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் எடுத்தது போக எஞ்சுகின்ற சிறு பங்கே தொழிற்கல்விக்கு வருகிறது. பல்கலைக்கழக மாணவர்களுக்காகத் தெருவில் இறங்கச் சங்கங்கள் உண்டு. ஆறு மாத வெல்டிங் பாடநெறி பயிலும் பிள்ளைக்குச் சங்கம் கிடையாது. அவன் சங்கம் அமைப்பதற்குள் பாடநெறி முடிந்துவிடும்.

பணம் குறைவு என்று சொல்லி முடித்துவிட்டால் பேச்சு எளிதாகிவிடும். வந்து சேரும் சிறு பங்கும் எவ்வாறு பிரிகிறது என்று பார்த்தால்தான் விடயம் விளங்கும். அரசாங்கத்தின் மதிப்பீட்டு ஏட்டைத் திறந்து பாருங்கள். மீண்டெழும் செலவினத்தின் கீழே முதலில் வருவது ஆளுக்குரிய வேதனாதிகள். அதன் பின்னரே பிரயாணம், வழங்கல்கள், பராமரிப்பு, சேவைகள் என்று வரிசை செல்லும். சம்பளத்தை எவராலும் குறைக்க முடியாது, குறைக்கவும் கூடாது. மின்சாரக் கட்டணத்தைக் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். ஆகவே, ஆண்டின் நடுவில் திறைசேரி செலவைக் குறைக்கச் சொன்னால் கத்தி விழும் இடம் 'வழங்கல்கள்' என்ற அந்தச் சின்னஞ்சிறு வரியும் அதை அடுத்த பராமரிப்பும்தான். அலுவலகம் ஒன்றிலே அவ்வரிக்குக் கடதாசி, மை என்று பொருள். பட்டறையிலோ பிள்ளையின் கைப்பயிற்சி முழுவதும் அவ்வரியில்தான் தங்கியிருக்கிறது.

ஒரே ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். உருக்கி ஒட்டுதல் என்று பாடநூலிலும், வெல்டிங் என்று கராஜிலும் சொல்லப்படும் தொழில் அது. 3.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள வெல்டிங் கம்பி ஒன்று எரிந்து தீர்வதற்கு ஒன்று அல்லது ஒன்றரை நிமிடம் செல்லும். பயிலுநர் ஒருவர் நாளொன்றுக்கு இருபது கம்பிகள் எரித்தாலும் நெருப்போடு அவருக்குக் கிடைக்கும் பயிற்சி அரைமணி நேரத்துக்கு மேலில்லை. இருபது பேர் கொண்ட ஒரு தொகுதிக்கு, நூறு வேலை நாட்களுக்கு, நாற்பதாயிரம் கம்பிகள் வேண்டும். ஒட்டிப் பழக இரும்புத் தகடு வேண்டும். அது ஒரு தடவை ஒட்டியபின் மீண்டும் வெட்டி எடுக்க வேண்டியதாகும். தரையில் கிடக்கும் தகட்டில் ஒட்டுவது ஒரு வித்தை. நிமிர்ந்து நிற்கும் தகட்டில் ஒட்டுவது இன்னொரு வித்தை. தலைக்கு மேலே ஒட்டுவது அனைத்திலும் கடினமானது. இவை கண்ணால் பார்த்து வருபவை அல்ல; மணிக்கட்டு பழக வேண்டும்.

அந்த நாற்பதாயிரம் கம்பிகளுக்குப் பணம் வராவிட்டால் நடப்பது என்ன? போதனாசிரியர் ஒரு கோடு ஒட்டிக் காட்டுவார். இருபது பேரும் சுற்றி நின்று பார்ப்பார்கள். எஞ்சிய நேரம் கொப்பியில் படம் வரைவதில் கழியும். ஆறு மாதம் முடிந்து சான்றிதழோடு போகும் பிள்ளையின் கையில் ஒரு முதலாளி கருவியைக் கொடுத்துப் பார்க்கிறார். அவனுக்குக் கை நடுங்குகிறது. அரசாங்கச் சான்றிதழ் உதவாது என்று அம்முதலாளி நாலு பேரிடம் சொல்கிறார். அதைக் கேட்ட பெற்றோர் அடுத்த பிள்ளையை அனுப்புவதில்லை. சேர்வோர் தொகை குறைகிறது. கேள்வி இல்லை என்று காரணம் காட்டி அடுத்த வருட ஒதுக்கீட்டைத் திறைசேரி மேலும் வெட்டுகிறது. கட்டடம் அப்படியே நிற்கிறது. போதனாசிரியருக்குச் சம்பளமும் போகிறது. முதலில் செலவழிந்த தொண்ணூறு ரூபாவும் பயன் தராமற் போனது, கடைசிப் பத்து ரூபா கொடுபடாமையால். இந்தத் தொண்ணூறும் பத்தும் நாம் விளக்கத்துக்காகச் சொன்னவை. நிலையத்துக்கு நிலையம் கணக்கு மாறும். ஆனால் எந்த முனையில் அறுகிறது என்பது மாறுவதில்லை.

கட்டடம் என்றதும் நன்கொடைகள் நினைவுக்கு வருகின்றன. 1959இல் மேற்கு ஜேர்மனியின் உதவியோடு தொடங்கிய ஜேர்மன் டெக், இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ்களைப் பராமரிக்கும் ஆட்களை உருவாக்கும் நோக்குடன் எழுந்தது. இன்றும் அதன் சான்றிதழுக்கு உள்நாட்டிலும் வளைகுடாவிலும் மதிப்பு உண்டு. அதற்கான காரணம் ஜேர்மன் இயந்திரங்கள் மட்டும் என்று நினைப்பது தவறு. பயிலுநரை நீண்ட காலம் பட்டறையிலே வைத்திருந்து, தொழிலகத்துக்கும் அனுப்பிப் பழக்கும் முறை அங்கே பேணப்பட்டது. ஒரே ஒரு பெரிய தொழிலகத்தின் தேவை அதன் பின்னால் நின்றது. கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் உதவியோடு இன்னொரு நிறுவனம் 2016இல் திறக்கப்பட்டது. ஒருகொடவத்தையில் கொரிய நாட்டு உதவியில் அமைந்ததும் உண்டு. இவற்றை நாம் நன்றியோடு ஏற்கிறோம். ஆனால், நன்கொடையாளர் நாடா வெட்டித் திறந்துவைத்து விமானம் ஏறிய பின், இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் வாங்குவது நமது திறைசேரியின் பொறுப்பு. விலையுயர்ந்த இயந்திரத்தின் உதிரிப்பாகமும் விலையுயர்ந்ததே.

கடன்களும் வந்தன. 2014ஆம் ஆண்டில் ஆசிய அபிவிருத்தி வங்கியும் உலக வங்கியும் தனித்தனியே ஏறத்தாழ 10 கோடி டொலர் வீதம் இத்துறைக்கு ஒப்புதல் அளித்தன. அவற்றில் ஒரு புதுமை இருந்தது. கட்டிய சுவருக்குப் பணம் என்ற முறையை விட்டு, உடன்பட்ட பெறுபேறு உறுதியான பின் பணம் விடுவிக்கும் முறை கையாளப்பட்டது. பயிற்சி முடித்தோர் வேலை பெற்றார்களா என்ற கேள்வியும் அப்போது கணக்குக்குள் வந்தது. வெளியார் கடன் கொடுக்கும்போது கேட்கும் இக்கேள்வியை நம்முடைய சொந்த வரிப்பணத்துக்கு நாம் ஏன் கேட்பதில்லை என்பது எமக்கு விளங்காத ஒன்று. அமைச்சர்கள் பாராளுமன்றத்தில் எத்தனை பேரைச் சேர்த்தோம் என்று சொல்கிறார்கள். எத்தனை பேர் இடையில் விட்டார்கள், முடித்தவர்களில் எத்தனை பேர் அதே தொழிலில் நிற்கிறார்கள் என்ற கணக்கை நமது பிரதேசத்தில் எவரும் ஒட்டி வைத்ததாக நாம் கண்டதில்லை.

2022ஆம் ஆண்டை எவரும் மறக்கமாட்டார்கள். அவ்வாண்டு ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதெனக் கைவிரித்தது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவை எட்டியது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டு நின்றது. அரச வருமானம் உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதத்தை ஒட்டிய நிலைக்குத் தாழ்ந்திருந்தது. செலவைக் கட்டுப்படுத்தும் சுற்றுநிருபங்கள் வந்தன. இரும்பும் கம்பியும் செம்பு வயரும் டொலர் விலையில் ஏறின. அவற்றை வாங்கும் ரூபா ஒதுக்கீடு அந்த வேகத்தில் ஏறவில்லை. அரச ஊழியர்கள் சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு சென்று தொழில் செய்யவும் அவ்வாண்டே வழி திறந்தது. கைத்தொழில் அறிந்த போதனாசிரியருக்கு அந்தக் கதவு மற்றவர்களைவிட அகலமாகவே திறந்திருந்தது என்று சொல்லத் தேவையில்லை. 60 வயதைத் தாண்டியவர்கள் ஆண்டிறுதியில் ஒரே நாளில் ஓய்வு பெற்றார்கள். புதிய ஆட்சேர்ப்போ நிறுத்தப்பட்டிருந்தது. அதே 2022இல் வெளிநாட்டு வேலைக்குச் சென்றோர் 3 இலட்சத்தைத் தாண்டினர். வீடு எரியும்போது தண்ணீர் வாளி செய்பவனும் ஊரை விட்டுப் போன கதை.

பணமில்லாத அரசிடம் மேலும் பணம் கேட்பது நியாயமா என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே. அதற்கு நாம் ஒரு மறுகேள்வியை வைக்கிறோம். 2020இல் அரசாங்கம் 50 ஆயிரம் அளவிலான பட்டதாரிகளைப் பயிலுநர்களாக அரச சேவைக்குள் எடுத்து, மாதம் 20 ஆயிரம் ரூபா கொடுப்பனவு வழங்கியது. அவர்களுட் பலருக்கு உட்கார மேசை இருக்கவில்லை. அவர்களில் நமது பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள்மீது எமக்கு வருத்தமில்லை. ஒருவருக்கு மாதம் 20 ஆயிரம் வீதம் 50 ஆயிரம் பேருக்கு மாதமொன்றுக்கு 100 கோடி ரூபா. அத்தொகையைத் தேடிக்கொள்ள முடிந்த அரசுக்குப் பட்டறைகளின் வழங்கல் வரியைக் காப்பாற்ற முடியாமற் போனது பணமின்மையால் மட்டும் அன்று. வேலை கேட்டுக் கோட்டைப் புகையிரத நிலையத்தின் முன் அமர்ந்தவர்களின் குரல் கேட்டது. வீட்டில் இருந்தவர்களின் குரல் கேட்கவில்லை.

முதலாளிமாரின் பங்கு என்ன என்பதும் பேசப்பட வேண்டியதே. சிங்கப்பூர் 1979இலும், மொரிஷியஸ் 1980களின் இறுதியிலும், மலேசியா 1993இலும், தொழில்தருநர் சம்பளத் தொகையில் ஒரு சிறு வீதத்தைப் பயிற்சி நிதிக்குச் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தன. தன் ஊழியரைப் பயிற்றுவிக்கும் நிறுவனம் அந்நிதியிலிருந்து மீளப் பெறலாம், பயிற்றுவிக்காதது செலுத்திக்கொண்டேயிருக்கும். மொரிஷியஸ் நம்மிலும் சிறிய தீவு. இங்கே அத்தகைய முறை நிலைபெறவில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும், நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் ஏற்கெனவே கொடுக்கிறோம் என்று இச்சபையிலே அமர்ந்திருக்கும் வர்த்தகச் சகோதரர்கள் சொல்வார்கள். அது உண்மையே. ஆனாலும், பயிற்சி பெற்ற ஆளைப் பக்கத்துக் கடையிலிருந்து கூடுதல் சம்பளத்துக்கு இழுத்துக்கொள்வதும் செலவுதான் என்பதை அவர்கள் நம்மைவிட நன்கறிவார்கள்.

மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தரும் ஒரு வேலை உண்டு. அதைப் பற்றி நமது ஊர்களில் அறிந்தவர் சிலரே. மேசன் பாஸ், வயரிங் பாஸ் என்று நாம் அழைப்பவர்கள் இருபது முப்பது வருடம் தொழில் செய்தவர்கள். அவர்கள் எந்த வகுப்பிலும் குந்தவில்லை. கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்றகைமை முறை 2000களின் நடுப்பகுதியில் ஏழு மட்டங்களாக வகுக்கப்பட்டபோது, இத்தகையோரையும் உள்ளே எடுக்க வழி வைக்கப்பட்டது. முன்னரே கற்றதை அங்கீகரித்தல் என்பது அதன் பெயர். மதிப்பீட்டாளர் ஒருவர் தொழிலைச் செய்வித்துப் பார்த்து, செய்த வேலைகளின் சான்றுகளையும் பரிசீலித்து, மூன்றாம் அல்லது நான்காம் மட்டத்துச் சான்றிதழுக்குப் பரிந்துரைக்கிறார். ஆறு மாதப் பயிற்சிக்குப் பணம் தேவையில்லை. மதிப்பீட்டாளரின் ஒரு நாள் போதும். அக்கடதாசி இல்லாத ஒரே காரணத்தால் கட்டார், சவூதி சென்று சாதாரணத் தொழிலாளி என்ற பெயரில் மேசன் வேலை செய்துவிட்டு வந்தவர்கள் நமது மஹல்லாவிலேயே இருக்கிறார்கள். 2024இல் வெளிநாட்டிலுள்ள இலங்கையர் அனுப்பிய பணம் 650 கோடி டொலரைத் தாண்டியது. கடதாசியோடு போயிருந்தால் அத்தொகை இன்னும் கூடியிருக்கும் என்பதில் எமக்கு ஐயமில்லை. அரசின் பணத்தில் முதலிடம் எதற்கு என்று எம்மைக் கேட்டால் மதிப்பீட்டாளர்களின் தொகையைக் கூட்டுவதற்கே என்போம். தமிழில் மதிப்பீடு செய்யக்கூடியவர்களுக்கு அதிலும் முதலிடம்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சட்டத்தில் தமிழும் அரச கரும மொழி. பாடநெறி விளம்பரத்தில் மும்மொழியும் இருக்கும். எமது பகுதிக்கு அண்மையிலுள்ள ஒரு நிலையத்தில் நமது பிள்ளைகள் எட்டுப்பேர் விண்ணப்பித்துச் சென்றபோது, தமிழ்மூலப் போதனாசிரியர் இடமாற்றம் பெற்றுவிட்டார், தொகுதி நடவாது என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். இருவர் சிங்கள மூலத் தொகுதியிலே சேர்ந்தார்கள், ஒருவர் முடித்தார். அவரை நாம் மெச்சுகிறோம். மற்ற ஏழு பேருக்காகவும் ஒதுக்கப்பட்ட பணம் வேறெங்கோ போய்விட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பெண்பிள்ளைகளின் விடயம் இதைவிடச் சிக்கலானது. தையலும் அழகுக்கலையும் கணினியும் தாண்டிய பாடநெறிகள் தொலைவிலுள்ள நகரங்களில்தான் இருக்கின்றன. மாலை பஸ் தவறினால் வீடு வந்து சேர்வது எப்படி என்ற கேள்விக்கு எந்த ஒதுக்கீட்டிலும் விடை இல்லை.

பாடநெறிக் கட்டணம் பெரும்பாலும் இல்லை அல்லது மிகக் குறைவு என்பது மெய். இலவசம் என்ற சொல்லோ பிள்ளையின் வீட்டுக் கணக்கில் பாதியையே சொல்கிறது. பஸ் கட்டணம், பகற்சாப்பாடு, பாதுகாப்புச் சப்பாத்து ஆகியவை ஒருபுறம். அன்று மேசனுக்குக் கையாளாகப் போயிருந்தால் மாலையிலே கையில் விழுந்திருக்கும் கூலி மறுபுறம். மூன்றாம் மாதத்தில் பிள்ளை நின்றுவிடுகிறான் என்றால் அவனைச் சோம்பேறி என்று சொல்லுமுன் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். பல்கலைக்கழக மாணவனுக்கு 1981இலிருந்து மஹாபொல உண்டு. தொழிற்பயிற்சி நிலையங்களில் வழங்கப்படும் கொடுப்பனவு பாடநெறிக்குப் பாடநெறி வேறுபடுகிறது. நேரத்துக்கு வருவதும் நிச்சயமில்லை. இருவருமே இந்நாட்டு வரியிறுப்பாளரின் பிள்ளைகள்.

2024 நவம்பரில் கல்வி, உயர்கல்வி, தொழிற்கல்வி ஆகிய மூன்றும் ஒரே அமைச்சின்கீழ் கொண்டுவரப்பட்டன. இதற்குமுன் இளைஞர் விவகாரத்தோடும் திறன் அபிவிருத்தியோடும் இன்னும் எவற்றோடோவும் சேர்ந்து அலைந்த துறை இது. ஒரே கூரையின் கீழ் வந்ததால் நன்மையும் விளையலாம். பெரிய இரு பிள்ளைகளுக்கு இடையில் உட்கார்ந்த சின்னப் பிள்ளையின் தட்டுக் காலியாகவும் ஆகலாம். வரவு செலவுத் திட்டம் விவாதிக்கப்படும் நாட்களில் அமைச்சின் மொத்தத் தொகையை மட்டும் பத்திரிகையில் வாசித்துவிட்டு மகிழாமல், தொழிற்கல்விப் பகுதியின் வழங்கல் வரியைத் தேடிப் பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும். பார்க்கத் தெரிந்த கணக்காளர்கள் இந்த ஜமாஅத்தில் இருக்கிறார்கள்.

இந்த விடயத்தில் பரிபாலன சபை ஏற்றுக்கொண்ட ஒரு சிறு ஏற்பாட்டைச் சொல்லி அமர்கிறோம். சாதாரண தரம் அல்லது உயர்தரம் எழுதி, கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் பாடசாலையை விட்ட எல்லாப் பிள்ளைகளின் விபரமும், சான்றிதழின்றித் தொழில் செய்யும் பெரியவர்களின் விபரமும் திரட்டப்படுகின்றன. படிவத்தில் ஆறாவது வினாவைத் தயவுசெய்து வெறுமையாக விடாதீர்கள். பயிற்சியில் சேர்ந்து இடையில் நின்றிருந்தால் காரணம் பணமா, மொழியா, தூரமா, அல்லது அங்கே பழகப் பொருள் இல்லாமையா என்று அது கேட்கிறது. நிரப்பப்பட்ட விபரங்களின் தொகுப்பு, பெயர்கள் நீக்கப்பட்டு, பிரதேச செயலகத்தின் திறன் அபிவிருத்தி உத்தியோகத்தருக்கும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கும் எழுத்தில் கொடுக்கப்படும். ஒரு பிரதி பள்ளிவாசல் அறிவித்தற் பலகையில் ஒட்டப்படும். படிவங்கள் இன்று தொடக்கம் இஷாத் தொழுகைக்குப் பின் காரியாலயத்தில் கிடைக்கும். எழுத வாசிக்கச் சிரமப்படும் பாஸ்மாருக்கு நிரப்பிக் கொடுக்க இரண்டு இளைஞர்கள் அங்கே இருப்பார்கள்.